கோடாங்கியைச் சாய்த்த காற்று

அவைக்கு அணிசெய்து வீற்றிருக்கும் தலைவர், தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி கனகசபாபதி அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, விரலில் பசை காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, சுகாதார ஆய்வாளனாகிய என் வணக்கம்.

மூச்சு என்பது என்ன? மூக்கில் நுழைந்து மூக்கில் திரும்பும் வெறுங்காற்றா? இல்லை ஐயா, இல்லை. நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரல்கள். அவற்றில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப் பைகள். பையின் சுவர், நீங்கள் ஒட்டும் லேபிளைவிடப் பல மடங்கு மெல்லியது. இப்புறம் காற்று, அப்புறம் ரத்தம். காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும் ரத்தம், உடம்பெல்லாம் சுற்றிச் சுமந்துவந்த கரியமில வாயுவைக் கொடுத்துவிடும். உண்ணும்போதும் நடக்கும், உறங்கும்போதும் நடக்கும்.

நடக்காவிட்டால்? கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு ஐப்பசி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. அடைமழை, ஒட்டிய லேபிள் காயவில்லை. மேஸ்திரி காளிராஜ் ஜன்னல்களைச் சாத்தி, அறை நடுவே கரியடுப்பை மூட்டினார். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பத்துப் பெண்களுக்கும் தலைவலி. வெள்ளைத்தாய் என்பவள் மயங்கிச் சாய்ந்தாள். மேஸ்திரி வைத்தியரை அழைத்தாரா? கதவைத் திறந்தாரா? பேயோட்டும் கோடாங்கி மொக்கைச்சாமியை அழைத்தார்.

"பேய் வெளிய ஓடிரக் கூடாது, கதவச் சாத்துங்க" என்றார் கோடாங்கி. சாம்பிராணியும் போட்டார். "ஏலே, நீ யாருலே? பேரச் சொல்லுலே" என்று உடுக்கையை அடித்தார். உடுக்கை ஓங்கியது, தேய்ந்தது, ஓய்ந்தது. பார்த்தால் கோடாங்கியே குப்புறக் கிடக்கிறார்.

சிரிக்கிறீர்கள், தாயே. உயிர் ஊசலாடிய நேரம் அது. அடைத்த அறையில் கரி எரிந்தால் ஒரு நச்சுவாயு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. அது புகுந்தால் ரத்தம் பிராணவாயுவைக் கைவிட்டு, அந்த நச்சையே இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஆவுடைத்தாய் என்ற பெண், தலை சுற்றச் சுற்ற எழுந்தாள். பலகையால் ஜன்னலை உடைத்தாள். கதவைத் திறந்து வெள்ளைத்தாயை மழைக்கு இழுத்துவந்தாள். மற்றவர்கள் கோடாங்கியை இழுத்தார்கள்.

"ஏத்தா, ஜன்னல ஏன் ஒடச்ச?" என்றார் மேஸ்திரி.

"எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்கீக. பேய் எந்த வழியாப் போகும், அண்ணாச்சி?"

வெள்ளைத்தாய் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். கோடாங்கி கண் விழித்ததும் சொன்னது: "இம்புட்டுப் பலமான பேய நான் பாத்ததே இல்ல."

தாய்மார்களே, பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, காற்றுக் கேட்கிறேன். அறைக்கு அறை ஜன்னல் கேட்கிறேன். தலைவர் அவர்களே, உங்கள் ஒட்டும் அறைக்கு எத்தனை ஜன்னல்?

ஒன்று என்கிறார். பின்வரிசையில் யாரம்மா? "அதுவும் ஆணி அடிச்சிருக்கு" என்கிறீர்களா?

நாளைக் காலையே ஆணியைப் பிடுங்குவதாகத் தலைவர் தலையசைக்கிறார். ஊரே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டமைக்கு நன்றி. நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி நலமாக வாழுங்கள் என வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.