கப்பலில் விழுந்தவர் எந்த நாட்டில் விழுந்தார்?

"ஹலோ... ஹலோ, கேக்குதுங்க, சொல்லுங்க... என்னது, கையெழுத்துப் போட முடியாதுன்னு கைரேகையா? வைக்காதீங்க! மையிலேருந்து விரலை எடுங்க... தொட்டாச்சா? தாள்ல படலையே?... அப்பாடா. துடைங்க. ஐயோ, சட்டையில இல்லீங்க, துண்டுல!"

பாதி தைத்த காலரை மெஷினிலேயே விட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள். தையல் மெஷின் கம்பெனிக் குலுக்கலில் விழுந்த ஓசிக் கப்பல் பயணம் அது. ஒரே டிக்கெட் என்பதால் வீட்டுக்காரர் மட்டும் போனார். போன நாலாம் நாள் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கத்தரி பிடிக்கிற கை. அவர் வெட்டிக் கொடுத்தால்தான் இவள் தைக்க முடியும். கடையில் இரண்டே பேர்.

"ஆமா, ஆமா... கப்பல் அதிகாரி நல்லவர்தாங்க, யாரு இல்லேன்னா? பழத்தட்டு அனுப்பினாரு, ஜன்னல் வச்ச ரூமுக்கு மாத்தினாரு... ஆமா... அதான் எனக்கு இடிக்குது. கை ஒடிஞ்ச ஆளுக்கு எதுக்குங்க ஜன்னல்?... சந்தேகப் பிராணிதான், இருந்துட்டுப் போறேன். அதனாலதான் கடை இன்னும் நடக்குது... பத்து நிமிஷத்துல திரும்ப வர்றாரா? நாளைக்குத் துறைமுகம் வர்றதுக்குள்ள தாள் வேணுமாமா? ஏன், கரைக்குப் போனா மை ஒட்டாதா?"

டிக்கெட்டின் பின்பக்க நகல் அவள் கையில் இருந்தது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் காலையில்தான் கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்லியிருந்தார்.

"கேளுங்க. கப்பல் பதிவாகி, கொடி வாங்கியிருக்கிறது ஒரு நாட்டுல. நடுக்கடல்ல அந்தக் கொடிக்காரன் சட்டம். கம்பெனி வேற நாட்டுல. கேஸ்னா அங்க மட்டும்தான் போடணும், அதுவும் ஒரு வருஷத்துக்குள்ளன்னு டிக்கெட்டுலயே எழுதியிருக்கான். துறைமுகத்துல நின்னா அந்த ஊர்ச் சட்டமும் நுழையும்... தலை சுத்தும்தாங்க. சுத்தட்டும்னுதானே எழுதியிருக்கான்! நம்ம பில்லுக்குப் பின்னால 'வெட்டிய துணிக்குப் பொறுப்பல்ல'ன்னு பொடி எழுத்துல அச்சடிச்சீங்களே, யாரைக் காப்பாத்த அடிச்சீங்க?... அதேதான்!

"சரி, தாள்ல என்ன இருக்கு?... யாரு படிச்சுச் சொன்னா?... ரூம் கூட்டுற அம்மாவா? தமிழ் தெரியுமா?... அவங்களும் கப்பல்ல சம்பளம் வாங்குறவங்கதானே? பக்கத்துலயா இருக்காங்க?... குடுங்க போனை."

அவள் குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"வணக்கம்மா... இருக்கட்டும், இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் எங்க விழுந்தாருன்னு போட்டிருக்கு? அதை மட்டும் படிங்க... இன்னொரு தடவை... துறைமுகத்துல, கரையிலேருந்து ஏறுற படியிலயா? அடப்பாவிகளா! நடுக்கடல்ல, சாப்பாட்டு ஹால் படியில, சோப்புத் தண்ணியில வழுக்கினாரும்மா! கப்பல்ல விழுந்த ஆளைக் கரையில தள்ளிவிட்டுட்டு, கப்பல் கை கழுவப் பாக்குதா?... இந்த வரியை அவருக்கு ஏன் படிச்சுக் காட்டலை?... அதிகாரி பக்கத்துல நின்னாரா? நின்னா என்ன, வாயைத் தைச்சுட்டாங்களா?... ஏம்மா, அந்தப் படியைத் துடைச்சது யாரு?

"...ம். நினைச்சேன். உங்க வேலை நிலைக்கணும்னு எங்க ஆளு கையைக் காவு குடுப்பீங்களா?... அழாதீங்க. அழுதா நான் இளகிடுவேன்னு... என்ன?... ஈரம்னு எச்சரிக்கிற மஞ்சப் பலகையை எடுக்கச் சொன்னதே அந்த அதிகாரிதானா? விருந்துப் போட்டோவுல அசிங்கமா விழும்னா?... ம்... ம்... இதை எழுதித் தருவீங்களா?... எழுதிட்டீங்களா? எப்போ?... எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையிலயா வச்சிருக்கீங்க?"

அவள் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவை அவசரப்பட்டுத் திட்டியதை நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

"மெதுவாவே பேசுங்க... ரேகை வைக்காம இழுத்தடிக்கணும்... நாளைக்குக் கரையில இருக்கிற டாக்டர்கிட்ட காட்டி சர்டிபிகேட் வாங்கணும்... சரி... சரிம்மா, சரி... உங்களுக்கும் அடியா? முதுகுலயா?... நீங்களும் ரேகை வச்சீங்களா?... எங்க விழுந்ததா எழுதினாங்க?... உங்க வீட்லயா! கடவுளே.

"இருங்க, நீங்க எழுதிக் குடுத்தது தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?... அடுத்த துறைமுகத்துலயே இறக்கி விட்ருவாங்களா?... அது உங்க நாடா?... கொடிக்காரன் நாடும் இல்ல, கம்பெனி நாடும் இல்ல, உங்க நாடும் இல்ல... அப்போ உங்களுக்கு எந்த ஊர்ச் சட்டம்மா?... யாரு கதவைத் தட்டுறது? அதிகாரியா?... இருங்க, வச்சிடாதீங்க. உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்... பேரும்மா... ஹலோ?... ஹலோ?"

லைன் அறுந்துவிட்டது. அளவு நோட்டில் புதுப் பக்கம் பிரித்து, தேதி மட்டும் எழுதியிருந்தாள்.