தலைகீழாய்த் தொங்கிய கோடுகளுக்காக வாதாடிய கணக்கு டீச்சரம்மாவுக்கு

பெருமதிப்பிற்குரிய டீச்சரம்மா அவர்களே! கட்டம் போட்ட தாளில் காலமெல்லாம் கோடு கிழித்த கணக்கின் காவலரே! சாக்பீஸ் தூளைச் சட்டை செய்யாத சலியாத உழைப்பே!

இந்தக் காலத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பாராட்டு மடல் எழுத எவனுக்கும் பொறுமை இல்லை. அச்சகத்தில் தயாராக அடித்து வைத்திருக்கிறான். பெயர் போட மட்டும் இடம் விட்டிருக்கிறான். தபால்காரருக்கும் அதே மடல், டாக்டருக்கும் அதே மடல், இருவருக்குமே கடலினும் ஆழ்ந்த கருணையாம். அப்படி ஒன்றை வாங்கிவந்த அலுவலக எழுத்தரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். தங்களுக்குக் கருணை உண்டா என்பது வேறு பேச்சு. வாங்கின சரக்கில் தங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் பேச்சு. அப்படியானால் நீயே எழுது என்று எல்லாரும் நழுவிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட வாட்ச்மேன் எழுதியிருக்கிறார். பிழை இருந்தால் வழக்கம்போல் சிவப்பு மையில் சுழித்துக்கொள்ளுங்கள்.

பிடிவாதமே பெயராய்க் கொண்ட பெருந்தகையே! மற்றவர்கள் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்த, தாங்கள் தாழ்வாரத்தையே வகுப்பாக்கினீர்கள். பாய் அகலத் தாள்களில் தாளுக்கொரு கோடு. ஏறுகிற கோடு, இறங்குகிற கோடு, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் படுத்தே கிடக்கிற கோடு. சமன்பாடுகள் தனியே கரும்பலகையில் இருக்கும். எந்தக் கோட்டுக்கு எந்தச் சமன்பாடு என்று பிள்ளைகள் ஜோடி சேர்க்க வேண்டும். தாளில் ஓர் எண்ணும் எழுதமாட்டீர்கள். எழுதினால் என்ன குறைந்தா போய்விடும் என்று வாட்ச்மேன் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். எழுதினால் படிப்பார்கள், எழுதாவிட்டால்தான் கட்டத்தை எண்ணிப் பார்ப்பார்கள் என்று சாதித்தீர்கள். மாட்டுகிறவருக்குத் தலை எது, கால் எது என்று தெரிய மேல் விளிம்பில் இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்திருப்பீர்கள். அதே ஆணியில் அதே வரிசையில் மாட்டி மாட்டி இறக்கியதில் வாட்ச்மேன் தோள்பட்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த நூலில் கை வைத்தார் தலைமையாசிரியர். நூலில் தொங்குவது பார்க்க லட்சணமாக இல்லையாம். தாள்களுக்கெல்லாம் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார். சட்டம் போட வந்தவனை வாட்ச்மேனுக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. அளவெடுக்கிற கையால் பீடி பிடிக்கிற ஆள். நூலைப் பிய்த்து எறிந்தான், ஓட்டைகளைச் சட்டத்துக்குள் மறைத்தான், முதுகில் வரிசை எண் ஒட்டினான், தனக்கு வசதியான பக்கத்தில் கொக்கி அடித்துவிட்டுப் போனான். கொக்கி எங்கே இருக்கிறதோ அதுதான் தலை என்று எண் பார்த்து வாட்ச்மேன் மாட்டினார். வேறென்ன செய்வார்? பார்த்தவர்கள் அழகு அழகு என்றார்கள். கோடுகளும் பழையபடியே சாய்ந்து நின்றன.

அந்தச் சுவரில்தான் தேர்வு வைத்தீர்கள். நம் துப்புரவு அம்மாவின் மகளுக்கு அது வெறும் தேர்வு அல்ல. போன வருடம் கணக்கில் கோட்டை விட்டவள். இதில் பாதியாவது எடுத்தால்தான் பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவேன், இல்லாவிட்டால் அம்மாவோடு வாளியைத் தூக்கட்டும் என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருத்திப் பார்த்தால் அவளுக்குச் சரியானது ஒன்றே ஒன்று. வகுப்பில் மற்றவர்களும் அந்த ஒன்றோடு நின்றார்கள். எல்லாம் சரியாகப் போட்டவன் பள்ளிக் கமிட்டித் தலைவரின் மகன் மட்டும்.

தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டுமா? ஓய்வு பெறுகிற நேரத்தில் தங்களுக்கு வகுப்பில் மனம் இல்லை என்றார். கெட்டிக்காரன் ஒருவனாவது தப்பினான் என்றார். வெளியே துப்புரவு அம்மா கழுவிய படியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். நம்பிக்கை வைக்காதே தங்கச்சி, பெரிய மனுஷர்கள் பேசி முடித்தால் முடித்ததுதான் என்று வாட்ச்மேன் அவரிடம் சொன்னதும் உண்மை.

தாங்கள் விடைத்தாள்களை மேசை முழுக்கப் பரப்பினீர்கள். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் நிமிர்ந்து, "எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருந்தா, தப்பு புள்ளைங்ககிட்ட இல்ல சார்" என்றீர்கள்.

நிமிர்ந்து நிற்கிற அச்சை நடுவுக்கு மேலே வெட்டுகிற கோட்டுக்கு, அதே சாய்வில் கீழே வெட்டுகிற கோட்டின் சமன்பாட்டை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கீழே வெட்டுவதற்கு மேலே உள்ளதை எழுதியிருக்கிறார்கள். இரண்டு அச்சும் கூடுகிற நட்டநடுவில் போகிற கோடு மட்டும் எப்படித் திருப்பினாலும் அதே கோடு, அதனால் அது மட்டும் தப்பித்தது என்று விளக்கினீர்கள். யாருக்குப் புரிந்ததோ, வாட்ச்மேனுக்குப் புரியவில்லை. குறடு கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டுவந்தார். புத்தம்புதுச் சட்டத்தைப் பிரிப்பதா என்று தலைமையாசிரியர் பதற, வாட்ச்மேன் பிரித்தார். நூல் கோத்த ஓட்டை இரண்டும் கால்மாட்டில் இருந்தன. அடுத்ததிலும் அப்படியே. எல்லாமே தலைகீழ்.

அப்போதும் தலைமையாசிரியர் விடுவாரா? தலைகீழ் என்றால் தலைவர் மகன் மட்டும் எப்படிச் சரியாகப் போட்டான் என்று மடக்கினார்.

"அவன் கோட்டைப் பார்க்கல சார். ஆணியைப் பார்த்தான்."

டீச்சரம்மா, அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மடல். எந்த ஆணிக்கு எந்த விடை என்று மனப்பாடம் செய்தவனுக்கு முழு மார்க். தொங்கினதைத் தொங்கினபடி எண்ணிப் பார்த்தவளுக்குத் தோல்வி. அதைத் தாங்கள் பொறுக்கவில்லை. கமிட்டித் தலைவர் வந்து கத்தியபோதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். மறுபடி தேர்வு என்றீர்கள். வாட்ச்மேன் தாள்களை நிமிர்த்தி, வரிசையைக் கலைத்து மாட்டினார். தலைவர் மகன் ஆணி ஆணியாய்த் தேடி முழித்தான். துப்புரவு அம்மாவின் மகள் விரலைக் காற்றில் நீட்டிக் கட்டம் எண்ணினாள், உதடு அசைந்தது, ஒன்றைத் தப்பாகத்தான் போட்டாள், மற்றதெல்லாம் சரி. அவள் பெயர் பொதுத்தேர்வுக்குப் போயிற்று, அவளும் தேறினாள். அந்தப் பையனையும் விட்டுவிடவில்லை தாங்கள். சாயங்காலம் சாயங்காலமாக உட்காரவைத்து எண்ணப் பழக்கினீர்கள். அவனுக்காகத் தாழ்வாரத்தைப் பூட்டாமல் வாட்ச்மேன் காத்துக் கிடந்தது யார் கணக்கிலும் வராது.

ஆகவே, அயராத அறிவே, அசையாத நெஞ்சே! முழங்கால் வலி தீர்ந்து, கண்ணாடிக் கனம் குறைந்து, கத்துவதற்குப் பிள்ளைகள் இல்லையே என்ற குறை ஒன்றைத் தவிர வேறு குறை இல்லாமல் நீண்ட நாள் நிம்மதியாக இருங்கள். பேரப்பிள்ளைகளின் கணக்கில் அதிகம் தலையிடாதீர்கள், அதுகளும் பிழைக்கட்டும்.

ஒன்று பாக்கி. நேற்றுத் தாங்கள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஒரு தாளை நேராகப் பிடித்துக் காட்டி, பிறகு தலைகீழாகத் திருப்பினீர்கள். "இப்ப சொல்லுங்கண்ணே, ரெண்டும் ஒண்ணா?"

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார். "தாள் அதே தாள், மை அதே மை, சாய்ஞ்சிருக்கறதும் அதே மாதிரிதான். தலைகீழா நின்னா ஆள் மாறிடுவானா டீச்சரம்மா?"

தாங்கள் சிரித்துவிட்டு, சாக்பீஸை எடுத்து நட்டநடுவிலிருந்து மறுபடி ஆரம்பித்தீர்கள். கேட்டைப் பூட்ட நேரமாயிற்று என்று சொல்லி அவர் நடந்துவிட்டார். தாழ்வாரக் கோடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது சரி; கோடு மட்டும் அவருக்கு அதே கோடாகத்தான் தெரிந்தது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இங்ஙனம்,
கேட்டிலும் படியிலும் அலுவலகத்திலும் தங்கள் குரலைக் கேட்டுப் பழகிய
வாட்ச்மேன், துப்புரவு அம்மா, ஆயா, ஆய்வக உதவியாளர்,
மற்றும் திருப்பி அனுப்பப்பட்ட அலுவலக எழுத்தர்