இரவல் நாக்கு

எனக்குச் சுரைக்காய் அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. பிழைப்பு மட்டும் அதோடுதான்.

காட்டுச்சுரையை நோய் தொடாது. ஆனால் அதன் கசப்பு விஷம். வீட்டுச்சுரை கசக்காது, நோய் வந்தால் மடிந்துவிடும். இரண்டையும் கலந்தால், நோய் தாங்கும் குணத்தோடு கசப்பும் ஒட்டிக்கொண்டே வரும். இந்த இரு குணங்களின் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம் ஜோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த வெட்டு சரியாக இவ்விரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். ஆயிரக்கணக்கான கொடிகளில் ஒன்றில் விழுந்தால் அதிர்ஷ்டம். புது ரகம் அப்படித்தான் பிறக்கிறது.

அந்தக் கொடியைத் தேடியவர் என் தங்கையின் கணவர். என்னிடம் வேலை கற்று, எனக்கே அதிகாரியானவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால், எங்கள் பண்ணையில் காயின் நுனியை நாக்கில் வைத்துத் துப்பிய பிறகே விதை எடுப்போம். ஒரு காய்ச்சலுக்குப் பின் அவருக்கு ருசியே தெரியாமல் போனது. வேலை போய்விடும் என்று மறைத்தார்.

"அவருக்கு நாக்கு செத்துப்போச்சு அண்ணா. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்றாள் தங்கை.

பார்த்துக்கொண்டேன். நான் மென்று சொல்வேன், அவர் குறித்துக்கொள்வார். கூட இருந்தே குழி பறிக்கிறவன் இல்லை நான்.

ஒருநாள், நோய் தொடாத கொடியிலிருந்து ஒரு காயோடு வந்தார்.

"கசக்குதா மச்சான்?"

"துளிகூட இல்ல மாப்பிள்ளை. கொடி கிடைச்சிருச்சு."

எனக்குத் தொண்டைவரை கசந்தது. புது ரகத்தைப் பார்க்க வரும் மேலதிகாரிகள் முன்னால் அவர் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. யாராவது ஒரு வாய் குடித்து முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் வந்த அன்று, அந்தக் கொடியின் காய்களைச் சாறாக்கி, முதல் டம்ளரை அவரே எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிதானமாகக் குடித்தார். தடுக்க ஒரு சொல் போதும். பக்கத்தில்தான் நின்றேன்.

மற்றவர்கள் குடிக்கும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். சாறு கசந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை, நானே ருசி பார்த்தேன் என்றேன். டாக்டர் வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் உயிர் போய்விட்டது.

"நீ ருசி பாத்தேல்ல அண்ணா?" என்று தங்கை இன்னும் கேட்கிறாள். எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான்தான் கொன்றேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். அதே காயின் விதைகளை விதைத்தேன். ஒரு கொடியில் அந்த வெட்டு விழுந்துவிட்டது. நோயும் இல்லை, கசப்பும் இல்லை. ரகத்துக்கு மாப்பிள்ளையின் பெயரையே வைத்தேன். அவருக்காக இவ்வளவு செய்தது நான் ஒருவன்தான்.