மூன்றாம் நாள் ரத்தம்

தேநீர் வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், தண்ணீர் போதும். மூடி திறக்காத பாட்டிலாக இருந்தால் நல்லது. தப்பாக நினைக்காதீர்கள், அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் குடித்து எனக்குப் பழக்கமில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். என் கைக்குட்டையைக்கூட வெந்நீரில் அலசித்தான் கொடுப்பாள். சுத்தம் என்பதை நான் அவளிடம்தான் கற்றேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், நாய் வளர்த்து விற்பவர். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள், பார்த்ததைத்தான் சொல்கிறேன். அவர்களோடு ஒரே வீட்டில் மாடியறையில் இருந்தேன். ஆரம்பத்தில் நாய்கள் கொல்லைப்புறத்தில் கிடந்தன. பிறகு கூடத்துக்கு வந்தன, அப்புறம் கட்டிலுக்கு. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான். மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மடியில் ஒரு நாயைக் கிடத்தி, அதன் காது மடலிலிருந்து உண்ணி பிடுங்குவார். ரத்தம் குடித்து, வேகவைத்த மொச்சை போல ஊதிய சாம்பல் நிற உண்ணிகள். சிலது மண்ணெண்ணெய்த் தம்ளரில் விழும். மற்றதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவார். பொட்டென்று தெறிக்கும். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அதே கையால் சோற்றைப் பிசைவார்.

"என்ன மாப்ளே, மூஞ்சி இப்படிப் போகுது? நாள் பூரா ஊரான் ரத்தத்தைத்தானே அளையிற? இந்தா, ஒரு வாய் வாங்கிக்க."

"அவனைச் சீண்டலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்று அக்கா சிரித்தாள்.

நான் எழுந்துபோய் வாந்தி எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைத் தொடும்போது நான் கையுறை போட்டிருப்பேன் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

பிறகு மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். புதிதாக வந்த டாக்டர் 'உண்ணிக் காய்ச்சலுக்குப் பார்க்கவும்' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தார். எந்த முறையில் என்று எழுதவில்லை. அவர்மேல் தப்பில்லை. எங்கள் இடத்தில் அதை எங்களிடமே விட்டுவிடுவது வழக்கம்.

கொஞ்சம் விளக்கினால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும். ரத்தத்தில் கிருமியின் மரபணுவையே தேடுவது ஒரு வழி, பிசிஆர் என்போம். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது இன்னொரு வழி. அது உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். திருடன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான், வீட்டுக்காரன் இன்னும் விழிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று கூச்சல் கேட்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் கேட்காது. அதனால் மூன்றாம் நாள் ரத்தம் வந்தால் பிசிஆர்தான் செய்வோம். இல்லையென்றால், 'இது ஆரம்ப கட்ட ரத்தம், இந்த முடிவை நம்ப வேண்டாம்' என்று அடியில் எழுதுவோம்.

நான் எதிர்ப்பொருளைத் தேடினேன். அடியில் எதுவும் எழுதவில்லை.

டாக்டர் போனில் கேட்டார். "வீட்ல நாய் இருக்குங்கிறாங்க. எதுக்கும் மாத்திரையை ஆரம்பிச்சிடவா?"

"நெகட்டிவ் சார். ஏதாவது வைரஸா இருக்கும்."

"நீங்க சொன்னா சரிதான். உங்க வீட்டு ஆளாச்சே."

மாமாவுக்கு உடம்பெல்லாம் செம்புள்ளிகள் எழுந்தன. சிறுநீர் நின்றது. அந்த வாரக் கடைசியில் போய்விட்டார். நான் ஒரு சொல்கூடப் பொய்யாக எழுதவில்லை, இருந்தாலும் கொன்றது நான்தான், அதை மறுக்கவில்லை. அக்காவை அந்தச் சாக்கடையிலிருந்து தூக்கி வெளியே விட எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாம் அவளுக்காகத்தான்.

நாய்களைக் கொடுத்துவிட்டேன். மெத்தைகளை எரித்தேன், தரையெல்லாம் மருந்து ஊற்றிக் கழுவினேன். வீடு வீடு மாதிரி இருந்தது. அக்கா இரண்டு நாளில் ஒரு பெட்டை நாயைத் திரும்பக் கூட்டிவந்து கட்டிலில் போட்டுக்கொண்டாள். "அவரு வாசம் இதுமேலதான்டா மிச்சமிருக்கு" என்று அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

அவளுக்கும் காய்ச்சல் கண்டது, அதே மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் எடுக்க நான்தான் போனேன்.

"தம்பி, காதுக்குப் பின்னால என்னமோ உறுத்துது. பாரேன்."

முடியை விலக்கிக் காட்டினாள். உண்ணி ஒன்று நன்றாக ஊதி, காலை அசைத்துக்கொண்டிருந்தது. இடுக்கி என் பையிலேயே இருந்தது. ஆனால் அந்தத் தலையில் கை வைக்க என்னால் முடியவில்லை சார். அவள்மேல் மாமாவின் வாடை அடித்தது.

"ஒண்ணுமில்லக்கா, முடியை விடு" என்றேன்.

அவளுடையதும் மூன்றாம் நாள் ரத்தம். அதிலும் எதிர்ப்பொருளைத்தான் தேடினேன். இல்லை என்று வந்தது. புருஷனுக்கு வந்த வைரஸ் இவளுக்கும் தொற்றியிருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேன். மாமாவின் மிச்ச ரத்தத்தை வேறு இடத்தில் சோதித்த முடிவு உங்கள் கைக்குத்தானே வந்திருக்கிறது, டாக்டருக்கு இன்னும் தெரியாது. இன்று காலை அக்காவுக்குப் புள்ளி எழ ஆரம்பித்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். அதற்கு மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். உடனே கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். வந்ததுமே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால், நீங்கள் மாமாவைப் பற்றித்தானே கேட்டீர்கள்.