பூட்டாத குடிசைகள்

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், போலீஸ்காரரே. உறைந்த ஏரியின் நடுவே, என் மீன்பிடிக் குடிசையில், நான், கில்பேர். என் அண்ணி ஃபெர்னாந்த். அடுப்பில் ஒரு பெரிய பானை பட்டாணி சூப். விழாத் தலைவன் நொர்மான் பெல்ஷாவைச் சேர்க்க வேண்டாம். அவன் உள்ளே வரவில்லை.

எங்கள் குளிர்கால விழாவில், பனியில் கால் புதையாதபடி அகன்ற பனிமிதியடி கட்டி ஏரியின் மேல் ஓடுபவர்களுக்குப் பாதி வழியில் சூடாக ஏதாவது வேண்டும். அதற்குத்தான் என் குடிசை. கரையில் ஃபிடில் வாசிப்பு, குழந்தைகளுக்குப் பனியில் ஊற்றிய மேப்பிள் பாகு. நான் மர ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். இத்தனை பேர் சந்தோஷமாக இருப்பதை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பார்க்கிறேன்.

எங்கள் ஏரியில், உறைந்த நீரின் மேல் நிற்கும் எந்தக் குடிசைக்கும் பூட்டுப் போடுவதில்லை. உள்ளே சுள்ளி அடுக்கி, தீப்பெட்டியை மேலே வைத்துவிட்டுப் போவோம். பனிக்கட்டி உடைந்து நனைந்து வருகிறவனுக்கு அது உயிர். சட்டம் எதுவும் இல்லை. பூட்டத் தோன்றாது, அவ்வளவுதான்.

பெல்ஷாவுக்குத் தோன்றியது. யாரோ அவனுடைய ஜின்னைக் குடித்துவிட்டார்களாம். போன வருடம், ஓட்டப் பாதைக்குக் கொடி நடப் போன என் அண்ணன் லுசியன் தண்ணீரில் விழுந்தான். ஊர்ந்து ஏறி, பக்கத்திலிருந்த குடிசைக்குப் போனான். அது பெல்ஷாவுடையது. பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விறைத்திருந்தான். நகங்கள் பிய்ந்திருந்தன.

"என் பொருளு, என் பூட்டு. இவன் வருவான்னு நான் ஜோசியமா பாத்தேன்?" என்றான் பெல்ஷா, அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது. ஊர் தலையாட்டியது. இந்த வருடம் பரிசுக்கு லுசியன் கோப்பை என்று பெயர் வைத்தான். ஒலிபெருக்கியில் சொன்னான்: "பாதி வழியில நம்ம ஃபெர்னாந்த் சூப்பு ஊத்துது. அது கை பட்டா செத்தவனும் எந்திரிச்சு ஓடுவான், பாத்துக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அதை நான் பார்த்தேன்.

ஏரியில் ஓரிடத்தில் அடியிலிருந்து ஊற்று வருவதால் பனிக்கட்டி மெலிந்திருக்கும். யாரும் மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் தேவதாருக் கிளைகளை நட்டிருப்போம். கடைசி ஓட்டக்காரி போன பிறகு, அந்த மெல்லிய இடம் வழிபோலத் திறந்திருக்கும்படி கிளைகளைத் தள்ளி நட்டேன். அவளுக்கும் பின்னால் வருபவன் தலைவன் மட்டும்தான், கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு. வேறு யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தேன். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். அவன் மூழ்குவது எனக்குத் தேவையில்லை. கதவுவரை வர வேண்டும்.

வந்தான். பனிக்காற்றில் கரை கண்ணுக்கே தெரியவில்லை.

"டேய் கில்பேர், கதவத் தொற. முழுசா நனைஞ்சிட்டேன். வெளையாடாதடா."

நான் தாழ்ப்பாளின் மேல் கை வைத்து நின்றேன். "என் குடிசை, என் தாழ்ப்பாளு," என்றேன்.

அண்ணி கரண்டியைக் கீழே போட்டார். "தம்பி, தள்ளு."

"லுசியன் தட்டுனப்ப யாரு தொறந்தா அண்ணி?"

"அவரு இருந்திருந்தா இந்நேரம் தொறந்திருப்பாரு. உனக்கே தெரியும்."

தெரியும். ஆனால் அவன் இல்லை. அவனுக்காகச் செய்ய என்னைவிட்டால் ஆளும் இல்லை.

தட்டுவது நின்றது. காலடி கரைப்பக்கம் நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

"நான் போறேன். என்னையும் தடுப்பியா?" என்றார் அண்ணி.

அவரைத் தடுக்க நான் யார். விலகி நின்றேன். அவர் மேலங்கியை எடுக்கவில்லை, கையுறை போடவில்லை. சமையல் துணி இடுப்பில் கட்டியபடியே இருந்தது. "கதவ சாத்திராத தம்பி, இழுத்துட்டு வந்துர்றேன்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அண்ணன் குடும்பத்துக்கு இனி நான்தான் துணை என்று அடக்கத்தன்று சொல்லியிருந்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. வாசலில் நின்று பார்த்தேன். அவர் அவனுடைய அக்குளில் கை கொடுத்து, குழந்தையிடம் பேசுவதுபோல ஏதோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தார். லுசியனை யாரும் அப்படித் தேற்றவில்லை. குடிசையின் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இருவரும் வெளியே இருக்க, கதவைச் சாத்தித் தாழிட்டேன்.