குளோரின் அறைக் கதவு

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். சட்டையைத் தேய்க்கிறேன். இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறேன். போக இடமில்லை. தொழிற்சாலை மூடி நான்கு மாதமாகிறது.

கிள்ளானில், கையுறை செய்யும் இடம். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. என் மனைவி ஷாமினி பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஜூன் கடைசியில் மூடுவதென்று முடிவானது. கடைசி ஆர்டர் வெள்ளிக்கிழமைக்குள் போர்ட் கிள்ளான் துறைமுகம் போய்ச் சேர்ந்தால் என்னை ஈப்போ கிளைக்கு எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். மற்ற நூற்றுப் பத்துப் பேருக்கு அப்படி எதுவும் இல்லை.

கையுறைகளைக் குளோரினில் அலசும் அறையில் ஒரு குழாய் இணைப்பு கசிந்தது. மூடப்போகும் இடத்தில் யாரும் பழுதுபார்க்க மாட்டார்கள். அலாரம் ஒரு நாளில் ஐந்து முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் வெளியே ஓடினால் வேலை முடியாது. புதன்கிழமை அதன் வயரைக் கழற்றினேன். சென்சார் கெட்டுவிட்டது என்றேன்.

வியாழன் காலை யாரும் உள்ளே போகவில்லை.

"வேலையே போவுது, உசுரும் போவணுமா சார்?" என்றார் அந்த அறையில் வேலை செய்யும் புஷ்பவல்லி அக்கா. "அவ்ளோ சேஃப்னா ஒங்க வீட்டுக்காரிய மொதல்ல அனுப்புங்க லா. அவ நின்னா நாங்களும் நிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஷாமினியை வரச் சொன்னேன். முகமூடியோடு வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு போனால் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்க் கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். புஷ்பவல்லி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். ஏழாவது நிமிடம் இணைப்பு பிய்ந்தது. கதவைச் சாத்தியது நான்தான். வெளியே நூறு பேர் இருந்தார்கள். முகமூடி அப்போதும் என் கையில் இருந்தது.

நான்கு பேரில் யாரும் பிழைக்கவில்லை.

வெள்ளிவரை தாங்கும் என்று நினைத்தேன். கணக்கு தவறிவிட்டது. இதற்குக் கொலை என்று பெயரில்லை. அன்று வாடையே இல்லை என்று விசாரணைக்கு வந்த உங்களிடம் முன்பு சொன்னேன். "அவர் பாத்துட்டார், பயமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று ஷாமினியின் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கதவைத் திறக்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"இங்கயே மூக்கு எரியுது. நீங்க தள்ளி நில்லுங்க."