பத்தாம் லைனில் அறுபத்தொன்று

அண்ணா, நான் பொதுவாக அன்றன்றே பதில் போட்டுவிடுகிற ஆள். உங்கள் கேள்விக்கு மட்டும் எட்டு நாள் ஆகிவிட்டது. கேள்வி என்னவோ சின்னதுதான். நான் அனுப்பிய சோதனைப் பதிவில், பத்தாம் லைனுக்கு எதிரே, 'காரணம் தெரியாத இன்டரப்ட்: 61' என்று நிற்கிறதே, அது என்ன?

நீங்கள் போனில் கேட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். மொட்டைமாடிப் படியில் நின்று பேசினேன்.

"தம்பி, பாஸாயிட்டடா. ஒரு பாக்கெட்கூட விடல. ஆனா இந்த அறுபத்தொண்ணு என்னடா?"

"நாய்ஸ்ணா. வயரு ரொம்பப் பழசு."

"நாய்ஸுன்னா கன்னாபின்னான்னு வரும். இது மூணு மூணா வருது. டியூஷன் போயிட்டு வந்த நாய்ஸா?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். 'சரி, விவரமா எழுதி அனுப்பு' என்று வைத்துவிட்டீர்கள். இப்போது ராத்திரி மணி இரண்டு. காலை ஆறரைக்கு உங்கள் கம்ப்யூட்டர் முகாமுக்கு பஸ். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். அங்கே வந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதைச் சொல்ல வராது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான், மூன்றே பேர். அம்மா தையல் கம்பெனிக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவாள். அக்காவுக்கு இருபத்துமூன்று வயது. உடம்பில் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுவிட்டன. கழுத்துக்குக் கீழே வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. என்னை எலி என்றுதான் கூப்பிடுவாள்.

அக்காவால் இரும முடியாது. தொண்டையில் சளி கட்டினால் ட்யூப் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கான மெஷின் கட்டிலை ஒட்டியே இருக்கிறது. ஒரு நிமிட வேலை. எனக்கு நன்றாகச் செய்யத் தெரியும். கூப்பிடுவதற்கு அவள் குரல் அடுத்த அறை வரை எட்டாது என்பதால் ஒரு மணி வைத்திருந்தோம். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு வயர் சுவரைத் துளைத்துக்கொண்டு என் அறையிலிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டர் மணி அடிக்கும். தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர் அதை ஒரு கார்டில் பற்றவைத்து, பத்தாம் லைனில் கோர்த்துக் கொடுத்தார். ஒரு தடவை அழுத்தினால், சும்மா வா. இரண்டு என்றால், திருப்பிப் படுக்க வை. மூன்று என்றால் சளி.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது நான் எழுதிய கெர்னல், மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை புரோகிராம். உங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மெயிலை உங்களிடமிருந்து வேறு யாராவது வாங்கிப் படிக்க நேரலாம். அவர்களுக்கும் புரிய வேண்டும். பிராசஸர் ஒரே ஒரு ஆள். கீபோர்டுக்கோ டிஸ்க்குக்கோ ஏதாவது சொல்ல இருந்தால் தன் லைனைப் பிடித்து இழுக்கும். உடனே கெர்னல் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அதுதான் இன்டரப்ட். பழைய கம்ப்யூட்டர்களில் மொத்தம் பதினாறு லைன்தான். எது யாருக்கு என்று பங்கு பிரிப்பது கெர்னல் எழுதுகிறவன் பொறுப்பு. நான் பத்தை அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றரை வருஷம் ஒரு கோளாறும் இல்லை.

பிறகு உங்கள் முகாம் அறிவிப்பு வந்தது. சொந்தக் கெர்னலில் இரண்டு மணி நேரம் நெட்வொர்க்கில் துண்டு துண்டாக வரும் பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் வாங்கிக் காட்ட வேண்டும். தேர்வானால் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். அங்கே மணி கேட்காத ஓர் அறை இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தப்பான எண்ணத்தில் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுந்து போகிற எவனும் அப்படி நினைப்பான்.

என்னிடம் இருந்த நெட்வொர்க் கார்டு பத்தாம் லைனைத் தவிர வேறெங்கும் உட்கார மறுத்தது. அதனால் ஒரே லைனில் இரண்டு பேர். லைன் இழுபட்டால் என் கெர்னல் வரிசையாகக் கேட்கும், 'உன்னுடையதா?' என்று. முதலில் இருப்பவர் 'இல்லை' என்றால்தான் கேள்வி அடுத்தவரிடம் போகும். 'ஆமாம்' என்றால் அதோடு முடிந்தது. அப்போது அக்காவின் மணிதான் முதலில் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், மணி அடிக்கிற நாலு நொடியும் என் கெர்னல் வேறு எதையும் கவனிக்காது. அந்தப் பகுதியை முன்பு சோம்பேறித்தனமாக எழுதிவிட்டேன். அந்த நாலு நொடியில் பாக்கெட்டுகள் கைதவறிப் போய்விடும். சோதனையும் போய்விடும்.

முதல் முயற்சி நாற்பதாவது நிமிடத்தில் போனது. இரண்டாவது, ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடிய பிறகு போனது.

"எதுக்குக்கா அடிச்ச?"

"மூக்குல ஈ உக்காந்திருச்சு. நானா எந்திரிச்சுப் போய் வெரட்டவா?"

"இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நான் பொறுத்துப்பேன்டா எலி. ஈ பொறுக்க மாட்டேங்குதே."

ஈயை விரட்டினேன். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கடைசித் தேதி அன்று வரிசையை மாற்றினேன். நெட்வொர்க் முன்னால், அக்கா பின்னால். நெட்வொர்க் தன் பாக்கெட்டுகளைத் தேடுவதற்கு முன்பே 'என்னுடையதுதான்' என்று சொல்லும்படி எழுதினேன். பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால், 'காரணம் தெரியாதது' என்று கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடும். கேள்வி அக்காவிடம் போகவே போகாது. ஆனால் மணியை நான் நிறுத்திவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பொத்தான் வேலை செய்தது. வயர் வேலை செய்தது. அவள் இழுத்த லைன் பிராசஸர் வரை ஒழுங்காக வந்து சேர்ந்தது. பங்கீட்டில் அவள் இரண்டாவது ஆள், அவ்வளவுதான்.

ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு ஊட்டினேன். சளி எடுத்தேன். முதுகில் கை வைத்துப் பார்த்து, வியர்க்காத பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். அம்மா இருந்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டாள். சரியாக இரண்டு மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன். நாலு மணிக்கு முடிந்தது. பதிவை உங்களுக்கு அனுப்பிவிட்டு, நாலு ஐந்துக்கு அக்கா அறைக்குப் போனேன்.

முகம் நீலமாக இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அந்த விரலை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். அதன் பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அம்மா வந்து முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"மணி அடிச்சாளாடா?"

"இல்லம்மா. அடிக்கவே இல்ல."

"நெசமாவா?"

"அடிச்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனாம்மா?"

அம்மா அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அப்ப தூக்கத்துலயே போயிட்டா. எம்பொண்ணு கஷ்டப்படல," என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள். மணி அடிக்கல, கஷ்டப்படல. அதைச் சொன்ன பிறகுதான் ஒரு வாய் தண்ணீராவது குடித்தாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு அதுவும் இருந்திருக்காது. அந்த விஷயத்தில் நான் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது தடுத்துவிட்டாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டா. அடிக்காம கெடக்குதுல்ல, அதப் பாத்தாத்தான் எனக்கு நெஞ்சு ஆறுது."

மறுநாள் கட்டில் கம்பியில் தொங்கிய பொத்தானை ஆசையாகத் தொடப் போனாள். "தொடாதம்மா, ஷாக் அடிக்கும்," என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். என்னை முழுசாக நம்புகிறாள்.

இரண்டு விஷயங்களை நான் விட்டுவிட்டேன். விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை, வரிசையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒன்று. அன்று மதியம் நான் அறையை விட்டு வெளியே வரும்போது அக்கா கூப்பிட்டாள்.

"எலி, இன்னிக்கு உன்னத் தொந்தரவே பண்ண மாட்டேன். ஈ வந்தாலும் அதோட கூட்டு வச்சுக்கறேன். உசுரு போனா மட்டும்தான் அடிப்பேன். சரியா?"

"சரிக்கா," என்றேன். வரிசையை அதற்கு அரை மணி நேரம் முன்பே மாற்றிவிட்டிருந்தேன்.

இரண்டு. அந்தக் கணக்கு நீங்கள் சொல்லி எனக்குத் தெரிய வந்ததல்ல. சோதனை ஓடும்போதே திரையின் இடது மூலையில் அது தெரியும்படி எழுதியிருந்தேன். இரண்டு ஐம்பதுக்கு, சைபராக இருந்த கணக்கு மூன்றானது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஆறானபோதும் அப்படியே நினைக்க முடிந்தது. பதினெட்டில் எழுந்து நின்றேன். கதவுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே ஆறு எட்டு தூரம்தான். நான் எழுந்து போனால் கம்ப்யூட்டர் நிற்காது, சோதனையும் கெடாது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் போனால் ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்று கேட்பாள். அம்மாவிடமும் சொல்வாள். அதற்கு ஒரு பதிலை யோசித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தேன். முப்பது ஆனது. நாற்பத்தைந்து ஆனது. பதில் அமையவில்லை. மூன்று முப்பத்தொன்றுக்கு அறுபது. இருபது முறை மூன்று. மூன்று முப்பத்துநாலுக்கு அறுபத்தொன்று. அதன் பிறகு லைன் சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கடைசி ஒன்றைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். ஒன்று என்றால் சும்மா வா என்றுதான் அர்த்தம். அவசரம் இல்லை என்று அர்த்தம். மூன்று அழுத்தப் போய் ஒன்றோடு நின்றது என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் அழுத்துவது எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்றுக்கு. நெட்வொர்க் கேபிளை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். பொத்தானைத் தொட ஆள் இல்லை. முதல் ராத்திரி தற்செயலாகத் திரையைப் பார்த்தேன், அறுபத்திரண்டு. மறுநாள் அறுபத்துமூன்று. ஒரு ராத்திரிக்கு ஒன்றுதான். மூன்று வருவதில்லை. நேற்று வரை அறுபத்தொன்பது. வயர் பழசு. உங்களிடம் அன்றைக்கு நாய்ஸ் என்று சொன்னது இப்போதாவது உண்மையாக இருக்கும். இந்த மெயிலைப் போனில் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுபது ஆகிவிட்டது.

கிளம்புவதற்கு முன் கெர்னலைச் சரி செய்து வைத்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிய வேலை இல்லை, அக்காவை மறுபடி முன்னால் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போட்டால் ராத்திரி மணி அடிக்கும். அம்மாவுக்குக் கேட்டுவிடும். அதனால் அவளைப் பின்னாலேயே விட்டிருக்கிறேன்.